எட்டாவது ரொட்டி

சியேனா மடம்
1317 செப்டம்பர் 21, புனித மத்தேயு திருநாள்

இயேசு மரி துணை.

அன்பு அக்கா நூத்தாவுக்குத் தம்பி தெதால்தோ சொல்லச் சொல்ல, சகோதரர் லாப்போ எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே இருவருக்கும் உயிரும் பசியும் குறைவில்லை. உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

ஒரு செய்தி. சிரிக்காதே. என்னை அக்குவாநேராவுக்கு ஆயராகப் போட்டுவிட்டார்கள். சதுப்பு, கொசு, காய்ச்சல். நாலு வருடமாக அந்த ஊருக்கு ஆயரே இல்லை. நான் மாட்டேன் என்றேன். மடத்துத் தலைவர், "கீழ்ப்படிவேன்னு வார்த்தைப்பாடு கொடுத்தியா, இல்ல வேற யாராச்சும் கொடுத்தாங்களா?" என்றார். மூட்டை கட்டப் போனேன்.

ஏறிப்போக ஒரு கோவேறு கழுதை கொடுத்திருக்கிறார்கள். நோயாளியைத் தவிர எங்கள் சபையில் யாரும் சவாரி செய்யக் கூடாது. ஆகவே புத்தக மூட்டை சவாரி போகும், நாங்கள் நடப்போம். துறவி ஆயரானாலும் கூட ஒரு தோழர் இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. பதினாலு வருடமாக என்னோடு நடப்பவன் லாப்போ. வேறு யாரைக் கேட்பேன்? அவனுக்குத்தான் இரண்டு நாளாக உடம்பு கொதிக்கிறது. (பொய், அக்கா. எனக்கு ஒன்றுமில்லை. லாப்போ.)

நீ அனுப்பிய ரொட்டி வந்தது. உப்பு தூக்கல்! உப்பு வண்டிக்காரரைக் கட்டிக்கொண்டவள் என்பதற்காக வண்டியையே மாவில் கவிழ்ப்பாயா? லாப்போ உன்னிடம் நேரே சொல்ல மாட்டான். என்னிடம் மட்டும், "அண்ணே, கொஞ்சம் தூக்கல்தான்" என்று முணுமுணுக்கிறான்.

என் எழுத்துதான் கோழி கிளறியது போல இருக்கும். கீழே உள்ள கோணல் சிலுவை வழக்கம்போல என் கையால் போட்டது.

தெதால்தோ


மோந்தேரா
1317 அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் திருநாள்

இயேசு மரி துணை.

ஆயர் சுவாமிக்கு என்று எழுதவா, அடே தம்பி என்று எழுதவா? இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் அடே தம்பிதான். நான் நலம். மூட்டு வலி என்னைவிட நலம்.

இந்தக் கடிதத்தை, உங்கள் இருவர் முகத்தையும் இதுவரை பார்த்திராத என் கொழுந்தன் மெயோ உப்பு ஏற்றி வரும்போது அக்குவாநேராவில் கொடுப்பான். அதற்குள் ஓர்னா ஆற்றை நல்லபடியாகக் கடந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். மெயோ சொல்கிறான்: "அண்ணி, அந்த ஆத்துக்குக் கண்ணு இருக்கு. யாரு அசருவாங்கன்னு பார்த்துக்கிட்டே கெடக்கும்."

லாப்போவுக்குக் காய்ச்சல் விட்டதா? அவன் எனக்கும் வாத்தியார்தான், அவனுக்கே தெரியாது. எனக்கு யார் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள்? உங்கள் கடிதங்களின் மேல் கரியை வைத்து இழுத்து இழுத்துப் படிந்த கை இது. என் எழுத்து அச்சாக அவன் எழுத்து என்று பங்குச் சாமியார் சிரிக்கிறார்.

சகல ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. வழக்கம்போல நம் வீட்டில் இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டி சிலுவை கீறிச் சுட்டு, மறுநாள் ஏழைகளுக்குக் கொடுப்பேன். அப்பா, அம்மா, பெரியண்ணன், என் வீட்டுக்காரர், என் மூன்று பிள்ளைகள். ஏழு.

எங்கள் எல்லோருக்கும் உன் ஆசீர் வேண்டும்.

அக்கா நூத்தா


அக்குவாநேரா ஆயர் இல்லம்
1317 நவம்பர் 10

ஆண்டவரின் சமாதானம்.

அன்புள்ள அக்காவுக்கு, தெதால்தோ ஆயர் சொல்ல, ஆலய எழுத்தர் பாந்தோ எழுதுவது. உங்கள் நலம் விழைகிறேன். நானும் நலமே.

அக்டோபர் பதினேழில் வந்து சேர்ந்தோம். சேர்ந்தேன் என்று எழுத வேண்டும். ஓர்னா ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் தோழரைக் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. சகோதரர் லாப்போவின் ஆத்துமத்துக்காக மூன்று நாள் மரித்தோர் பூசை நடத்தினோம். நானே பாடினேன்.

பிறகு மூன்று ஆயர்கள் வந்து என் தலைமேல் கைவைத்து என்னை அபிஷேகம் செய்தார்கள். மூன்று பேருக்கு ஆறு கைகள். என் தலையில் எட்டு இருந்தன. கடைசி இரண்டும் ஈரமாக இருந்தன. இதைச் சொன்னால் எழுத்தர் சிரிக்கிறார். காய்ச்சலின் மிச்சம் என்கிறார்.

இங்கே நல்ல மீன் கிடைக்கிறது. நல்லது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வாயில் எதுவும் ருசிப்பதில்லை.

முத்திரை வந்துவிட்டதால் சிலுவை போடவில்லை.

உங்கள் ஜெபத்தில் நினைவுகூரவும்.

ஆயர் தெதால்தோ


மோந்தேரா
1317 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள்

இயேசு மரி துணை.

தம்பிக்கு, அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. லாப்போவுக்காக அழுதேன். முகம் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் அவன் எழுத்துப் பக்கத்தில் என் கை எத்தனை நாள் நடந்திருக்கும்!

என்னை எப்போதிருந்து 'நீங்கள்' என்கிறாய்? எழுத்தரின் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் கடிதம் வருவதற்கு முன்பு, சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு ஏழு உருண்டை பிடித்து, ஏழு சிலுவை கீறி அடுப்பில் வைத்தேன். எடுக்கும்போது எட்டு. என் கணக்கு உனக்குத் தெரியும். முட்டை ஒன்று குறைந்தாலும் எந்தக் கோழி என்று சொல்லிவிடுவேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன். எட்டு.

மறுநாள் எட்டாவதையும் ஒரு கிழவருக்குக் கொடுத்தேன். பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தாயே, உள்ள ஈரமா மணல் இருக்கே. ஆத்து மணல்."

உன் கடிதம் வந்தபின், அது லாப்போவின் ரொட்டி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவனுக்கு நீ மூன்று நாள் பூசை பாடியிருக்கிறாயே. அப்புறம் எதற்கு இங்கே வந்து நிற்க வேண்டும்?

கிறிஸ்துமஸுக்கு ரொட்டி அனுப்புகிறேன். எப்போதும் உப்புப் போடுகிற அதே கைதான். திட்டி எழுது. ஒரு கோணல் சிலுவையும் போடு.

நூத்தா


அக்குவாநேரா ஆயர் இல்லம்
1318 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்

ஆண்டவரின் சமாதானம்.

அன்புள்ள அக்காவுக்கு, பாந்தோவின் கையால். பண்டிகை நன்றாக நடந்தது. உங்கள் மூட்டுக்கு இங்குள்ள நாணல் வேரைக் காய்ச்சிக் கட்டலாம் என்கிறார்கள். அனுப்பியிருக்கிறேன்.

ஆயர் மட்டுமே நெற்றியில் எண்ணெய் பூசித் தரும் உறுதிபூசுதலை நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அவர்களில் மீசை முளைத்தவர்களும் உண்டு, நாலு வருடம் காத்திருந்தவர்கள். சதுப்பில் இரண்டு வாய்க்கால் வெட்டுகிறோம். ஜனங்கள் நல்லவர்கள். தெருவில் என் அங்கியின் ஓரத்தைத் தொட்டு முத்தமிடுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய ரொட்டி மிக நன்றாக இருந்தது.

ஆயர் தெதால்தோ


மோந்தேரா
1318 பிப்ரவரி 2, தேவமாதா சுத்திகரத் திருநாள்

இயேசு மரி துணை.

தம்பிக்கு. நாணல் வேர் கேட்டது, வலி குறைந்திருக்கிறது. கடவுள் உனக்குப் பலன் தரட்டும்.

ரொட்டி மிக நன்றாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதோடு சேர்த்துச் சுட்டதில் ஒன்றை மெயோ தின்றான். தின்றுவிட்டு ஒரு குடம் தண்ணீர் குடித்து, "அண்ணி, அடுத்த தடவை ரொட்டியை வண்டியில ஏத்துறேன், உப்ப வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றான்.

மெயோ இன்னொன்றும் சொன்னான். நல்ல வெயிலில், கோயில் வாசலில் கடிதம் கொடுக்க நின்றானாம். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அங்க ஒரு சாமியார் நிக்கிறார், அண்ணி. பத்து நாளா மழை இல்ல, அவர் மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கார். 'என்ன சாமி, கிணத்துல விழுந்தீங்களா?'ன்னேன். பேசல. 'உள்ள வாங்க, பூசை நடக்குதே'ன்னேன். உள்ளயே பார்த்துக்கிட்டு நிக்கிறார், வாசப்படியத் தாண்ட மாட்டேங்கிறார். ஆயரோட தோழர்னு நெனச்சேன். எழுத்தர்கிட்ட கேட்டா, 'ஆயருக்குத் தோழரே இல்லயேப்பா'ங்கிறார்."

உன் கடிதத்தின் அடியில், முத்திரைக்குக் கீழே ஒரு சிலுவை இருக்கிறது. கோணல் சிலுவை. ஈரக் கையால் போட்டதுபோல மை கசிந்திருக்கிறது. நீதான் போட்டாயா?

இன்னொரு கேள்வி. ஆற்றைக் கடக்கும்போது கழுதைமேல் யார் இருந்தார்கள்?

நூத்தா


மோந்தேரா
1318 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்

இயேசு மரி துணை.

ஏழு வாரமாகப் பதில் இல்லை. மெயோ இரண்டு தடவை வெறும் கையோடு வந்தான். ஆயர் நன்றாகத்தான் இருக்கிறார், வாய்க்கால் கரையில் பார்த்தேன் என்கிறான்.

இந்தக் கடிதத்தை எழுத்தரிடம் காட்ட வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. உயிரோடு இருப்பவருக்குச் செய்யும் ஜெபம் வேறு, இறந்தவருக்குச் செய்யும் ஜெபம் வேறு. தினமும் விடிந்ததும் முழந்தாளில் நின்று, தெதால்தோ என்று சொல்லிவிட்டு அதற்குமேல் வாய் வராமல் நிற்கிறேன்.

என் தம்பிக்கு எந்த ஜெபம் சொல்லட்டும்?

நூத்தா


அக்குவாநேரா
1318 மே 1

அக்கா, இந்தக் கையை உங்களுக்குத் தெரியும்.

நலம் கேட்க எனக்குத் தகுதி இல்லை. கேட்காமல் தொடங்கவும் வரவில்லை. நலமா?

கழுதைமேல் நான் இருந்தேன். காய்ச்சலில் நிற்க முடியவில்லை. அண்ணன் புத்தக மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு என்னை ஏற்றிவிட்டார். "நோயாளி சவாரி செய்யலாம்டா, சட்டத்துலயே இருக்கு. ஆயர் உத்தரவு, ஏறு" என்று சிரித்தார். கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தார். நடு ஆற்றில் வெள்ளம் வந்தது. அவர் கை என் கணுக்காலைப் பிடித்தது. பிறகு பிடி இல்லை. கால் உதறியது நானா, கழுதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கரையில் ஊர் முழுவதும் ஆயருக்கு விதானம் பிடித்துக் காத்திருந்தது. ஒரே சாம்பல் அங்கி, ஒரே மொட்டைத் தலை. ஏறி வந்தவர் ஆயர், நடந்தவர் தோழர் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மணி அடித்தது. வாய் குழறியது. காய்ச்சல் விட்டபோது நான் ஆசனத்தில் இருந்தேன். சொல்லியிருக்கலாம். முதலில் பயம். அப்புறம், அக்கா, பிடித்துப்போய்விட்டது. பதினாலு வருடம் இன்னொருவர் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்.

என் பெயருக்கு நானே மரித்தோர் பூசை பாடினேன். அன்றிலிருந்து எனக்கு ருசி இல்லை, அடுப்பருகே நின்றாலும் குளிர் விடுவதில்லை. ஆற்றுப் பக்கம் போக முடியவில்லை. அண்ணன் தினமும் கோயில் வாசலில் நிற்கிறார். கோபமாகப் பார்த்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். வரிசையில் தன் முறை வருமா என்று பார்ப்பதுபோலப் பார்க்கிறார். சிலுவை நான் போட்டதல்ல.

நான் என்ன செய்யட்டும்?

லாப்போ


மோந்தேரா
1318 மே 16

இயேசு மரி துணை.

லாப்போவுக்கு, நூத்தா எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பிரித்ததும், படிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அடுப்பில் போடப் போனேன். என் கையெழுத்தையே போடுவதுபோல இருந்தது. போடவில்லை.

அவனை ஆறு கொன்றது. கால் உதறியது யார் என்பது கடவுளுக்குத் தெரியும், நான் அதற்குள் வர மாட்டேன். ஆனால் ஏழு மாதம் அவனைப் பெயரில்லாமல் வெளியே நிறுத்தியது நீ. மோட்ச வாசலுக்கு வெளியே, உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஒவ்வொரு ஆத்துமாவும் தன் பெயரைக் கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கிறது. லாப்போ, லாப்போ என்று மூன்று நாள் கூப்பிட்டீர்கள். தெதால்தோ எப்படி எழுந்து வருவான்?

இங்கே பங்குச் சாமியாரிடம் அவன் பெயருக்குப் பூசை வைத்தேன். அதற்குப் பிறகும் மெயோ அவனைப் பார்த்துவிட்டான். அதே வாசல், அதே ஈரம். பெயரை எடுத்த இடத்தில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். நீ சொல். அந்தப் பீடத்தில், அந்த ஜனங்கள் கேட்க, என் தம்பியின் பெயரை இறந்தவர்களின் ஜெபத்தில் சொல். அதன்பின் அவர்கள் உன்னை என்ன செய்வார்களோ எனக்குத் தெரியாது. என் தம்பியை உள்ளே விடு.

உனக்காக ஜெபிக்கிறேன். உயிரோடு இருப்பவர்களுக்கான ஜெபம்தான்.

நூத்தா


அக்குவாநேரா ஆலய அலுவலகம்
1318 ஜூலை 27

ஆண்டவரின் சமாதானம்.

மதிப்புக்குரிய நூத்தா அம்மையாருக்கு, எழுத்தர் பாந்தோ வணக்கத்துடன் எழுதுவது. இந்தத் தடவை யாரும் சொல்லி எழுதவில்லை. தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று ஆலயம் நிறைந்திருந்தது. ஆயர் கறுப்பு உடை உடுத்தி வந்தார். பண்டிகை நாளில் மரித்தோர் பூசையா என்று சலசலப்பு. பெயர் சொல்லும் இடத்தில், "உமது ஊழியன் தெதால்தோவின் ஆத்துமாவுக்கு நித்திய இளைப்பாற்றி" என்றார். என் பின்னால் ஒரு அம்மாள், "ஐயோ பாவம், காய்ச்சல்ல தன் பேரையே சொல்றாரே" என்றாள். அவர் மறுபடியும் சொன்னார், சத்தமாக. பிறகு மோதிரத்தைக் கழற்றிப் பீடத்தில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார்.

சிலர் கத்தினார்கள். சிலர் அழுதார்கள். மீன் விற்கும் பிருனா எழுந்து, "நீ யாரா வேணா இரு! என் மகனுக்குக் குடுத்த உறுதிபூசுதல் செல்லுமா, செல்லாதா? அதச் சொல்லு மொதல்ல!" என்றாள். அவர், "தெரியாதும்மா" என்றார்.

அம்மையாரே, நான் எழுத்தன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். அப்போது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஏன் விலகினோம் என்று அவர்களுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. கல் தரையில் ஈரக் காலடிகள் இருந்தன. வாசலிலிருந்து பீடம்வரை ஒரே வரிசை. வந்த தடம் இருந்தது, திரும்பிய தடம் இல்லை. பிருனா முதல் ஆளாக முழந்தாளிட்டாள். அன்றிலிருந்து வாசல் காய்ந்திருக்கிறது.

பக்கத்து ஊர் ஆயர்கள் மூவரும் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு மீண்டும் கொடுக்கப்படும். சகோதரர் லாப்போ தன் சொந்தப் பெயரில் ஓர்னா துறையில் குடிசை போட்டு, வருகிறவர்களைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடத்த வேண்டும், சாகும்வரை. இத்தனை மாதமும் ஆற்றுப் பக்கமே போகாதவர் அவர். ஆனால் தானே முன்னால் நடந்து போனார்.

தங்கள் பணிவுள்ள,
பாந்தோ


மோந்தேரா
1318 நவம்பர் 3

இயேசு மரி துணை.

தம்பி லாப்போவுக்கு, அக்கா எழுதுவது. நான் நலம். குளிர் வந்துவிட்டதால் மூட்டு பேச ஆரம்பித்திருக்கிறது. நாணல் வேர் இருந்தால் கொடுத்தனுப்பு. தண்ணீரிலேயே நிற்கிறாயே, காலுக்குக் கொழுப்பாவது தடவுகிறாயா?

இந்த வருடம் எட்டுக்கு மாவு பிசைந்தேன். எட்டுச் சிலுவை கீறினேன். அடுப்பைத் திறக்க அரை நாழிகை பயந்து நின்றேன். எட்டு வந்தது. மூன்று தடவை எண்ணினேன். எட்டாவதைப் போன வருடத்துக் கிழவருக்கே கொடுத்து, அவர் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். "என்ன தாயே இப்படிப் பார்க்கிற? நல்லாத்தான் இருக்கு" என்றார். மணல் இல்லை.

பிறகு தனியாக ஒன்று சுட்டேன். அதில் சிலுவை கீறவில்லை, உயிரோடு இருப்பவர்களுக்குக் கீறுவதில்லை. மெயோவிடம் கொடுத்திருக்கிறேன். தின்றுவிட்டு உண்மையை எழுது. மரியாதைக்காக எழுதாதே.

அக்கா நூத்தா


ஓர்னா துறை
1318 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள்

இயேசு மரி துணை.

அன்பு அக்காவுக்கு, லாப்போ தானே எழுதுவது. நலம். இன்று தண்ணீர் இடுப்பளவு. பதினோரு பேரையும் ஒரு ஆட்டையும் கடத்தினேன். ஆடுதான் கனம். மெயோவிடம் நாணல் வேர் கொடுத்திருக்கிறேன்.

ரொட்டி வந்தது. முதல் துண்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. உங்களுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே மூன்றாவதைக் கடித்தேன். கடித்தபடியே ஆற்றுக்கு ஓடி, குப்புற விழுந்து, இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். மெயோ கரையில் நின்று சிரிக்கிறான். எனக்கு அழுகை நிற்கவில்லை.

அக்கா, உப்பு தூக்கல்.

லாப்போ